புள்ளிகளால் ஒளி படைத்தவர்

1886ஆம் ஆண்டு மே மாதம். பாரிஸ் மாநகரின் லஃபித் தெருவில் ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. அங்கே மாட்டப்பட்டிருந்த ஓர் ஓவியத்தின் முன் மக்கள் கூடிக் கூடி நின்றனர். அதன் அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆற்றங்கரையில் மக்கள் ஓய்வாகப் பொழுதைக் கழிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சி அதில் தீட்டப்பட்டிருந்தது. குடை பிடித்த பெண்கள், புல்வெளியில் சாய்ந்திருக்கும் ஆண்கள், ஓடி விளையாடும் சிறுமி, நாய்கள், ஆற்றில் மிதக்கும் படகுகள் ஆகியவற்றோடு, ஒரு சீமாட்டி கயிற்றில் கட்டி அழைத்துவந்த குரங்கும் அதில் இருந்தது.

கூடி நின்ற பலர் அந்த ஓவியத்தை எள்ளி நகையாடினர். மனிதர்கள் மரப்பொம்மைகளைப் போல விறைத்து நிற்பதாகக் கேலி பேசினர். அருகில் சென்று பார்த்தவர்களுக்கு மற்றொரு வியப்பும் காத்திருந்தது. எங்கு நோக்கினும் சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகள்! பச்சைக்கு அருகில் மஞ்சள், நீலத்திற்கு அருகில் செம்மஞ்சள் எனப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் நெருக்கமாக இடப்பட்டிருந்தன. சில அடிகள் பின்வாங்கி நின்று பார்த்தபோதோ அப்புள்ளிகள் மறைந்து, வெயிலில் மின்னும் புல்வெளியும் மரநிழலும் ஆற்று நீரும் கண்முன் தோன்றின.

அந்த ஓவியத்தைத் தீட்டியவருக்கு அப்போது வயது 26. அவர் பெயர் ஜோர்ஜ் சூரா. புள்ளி ஓவியம் என்னும் புதிய முறையை உலகிற்கு அளித்தவர் அவரே.

இளமையும் கல்வியும்

ஜோர்ஜ் சூரா 1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். அவருடைய தந்தை நீதிமன்றம் சார்ந்த பணியில் இருந்தவர். நிலம், வீடு ஆகியவற்றின்வழிப் பொருள் ஈட்டியவர். அதனால், சூரா பணத்திற்காக அல்லற்பட வேண்டிய நிலை ஏற்படவில்லை. தந்தை பெரும்பாலும் தனியே ஊருக்கு வெளியே வாழ்ந்துவந்தார். தாயின் அரவணைப்பிலேயே சூரா வளர்ந்தார். சிறு வயது முதலே அவர் அதிகம் பேசாதவர். தம் எண்ணங்களை எளிதில் வெளியே சொல்லாதவர்.

ஓவியத்தில் நாட்டம் கொண்ட சூரா, முதலில் தம் வீட்டிற்கு அருகிலிருந்த நகராட்சி ஓவியப் பள்ளியில் பயின்றார். 1878ஆம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். பழைய சிற்பங்களைப் பார்த்து வரைவதும், முன்னோரின் ஓவியங்களைப் படியெடுப்பதும் அங்கே முக்கியப் பயிற்சிகளாக இருந்தன. அடுத்த ஆண்டே அவர் அப்பள்ளியை விட்டு வெளியேறி, ஓராண்டுக் காலம் இராணுவப் பணியாற்றினார். கடற்கரை நகரமான பிரெஸ்டில் பணிபுரிந்தபோது, ஓய்வு நேரங்களில் சிறிய குறிப்பேடுகளில் படம் வரைந்தார்.

பாரிஸுக்குத் திரும்பியதும் அவர் உடனே வண்ண ஓவியங்களில் இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கறுப்புக் கிரேயானை மட்டுமே பெரிதும் கையாண்டார். சொரசொரப்பான தாளின்மேல் அவர் கிரேயானை மெல்லத் தேய்ப்பார். தாளின் மேடுகளில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அவ்வாறு வரைந்த படங்களில் கோடுகளே குறைவு. ஒளியும் இருளும் மெல்ல மெல்லக் கலந்து உருவங்களைத் தோற்றுவித்தன. பின்னாளில் புள்ளிகளால் ஒளியைப் படைத்த கைகளுக்கு இதுவே அடிப்படைப் பயிற்சியாக அமைந்தது.

சாயப்பட்டறையில் பிறந்த கேள்வி

சூரா ஓவிய நூல்களோடு அறிவியல் நூல்களையும் ஆர்வத்தோடு படித்தார். அவரைப் பெரிதும் கவர்ந்தவர்களுள் ஒருவர் மிஷெல் செவ்ரூல் என்னும் வேதியியல் அறிஞர். செவ்ரூல் பாரிஸிலுள்ள கோபெலன் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அங்கு நெய்யப்படும் துணிகளில் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை எனப் புகார் எழுந்தது. சாயத்தில்தான் குறை இருக்கும் என்று பலரும் எண்ணினர். செவ்ரூல் நூலை ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே அதனை மங்கலாகக் காட்டின என்பதைக் கண்டறிந்தார்.

ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பது அதன் அருகிலுள்ள நிறத்தையும் பொறுத்தது என்பதே இதிலிருந்து பெறப்பட்ட உண்மை. நீலத்திற்கு அருகில் செம்மஞ்சளை வைத்தால் இரண்டும் மேலும் பளிச்செனத் தெரியும். சிவப்புக்கு அருகில் பச்சையை வைத்தாலும் அப்படியே. இவை ஒன்றுக்கொன்று எதிர்நிறங்கள் எனப்படும். செவ்ரூல் தம் ஆய்வை 1839ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அமெரிக்க இயற்பியல் அறிஞரான ஓக்டன் ரூட் என்பவரும் 1879ஆம் ஆண்டு நிறங்களைப் பற்றிய ஒரு நூலை எழுதினார். சாயங்களைக் கலப்பதற்கும் ஒளியைக் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நூல் விளக்கியது.

அந்த வேறுபாடு என்ன? வண்ணத்தட்டில் பல சாயங்களைச் சேர்த்துக் குழைத்தால், கலவை மங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சாயமும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம். சாயங்களைக் குழைக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி தனித்தனியே கண்ணை வந்தடையும். தொலைவிலிருந்து பார்க்கும்போது அப்புள்ளிகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அப்போது நிறங்கள் பார்ப்பவரின் கண்ணிலேயே கலக்கின்றன. இவ்வாறு செய்தால் நிறம் அழுக்கேறாமல் துலங்கும் என்று சூரா நம்பினார். ஓவியர் தொடங்கும் வேலையைப் பார்ப்பவரின் கண் முடித்து வைக்கும் என்பதே அவருடைய எண்ணத்தின் சாரம்.

மூடிய கதவும் திறந்த வாயிலும்

சூராவின் முதல் பெரிய ஓவியம் அஸ்னியேர் என்னுமிடத்தில் ஆற்றில் குளிப்பவர்களைக் காட்டியது. பாரிஸுக்கு அருகில் செய்ன் ஆற்றங்கரையில் உழைக்கும் மக்கள் இளைப்பாறுகின்றனர். தொலைவில் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அந்நாளில் புராண வீரர்களையும் மன்னர்களையுமே ஓவியர்கள் இவ்வளவு பெரிய அளவில் தீட்டுவது வழக்கம். சூராவோ சாதாரண மனிதர்களுக்கு அந்த இடத்தை அளித்தார்.

1884ஆம் ஆண்டு, அந்த ஓவியத்தைச் சலோன் என்னும் புகழ்பெற்ற ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். நடுவர் குழு அதனை நிராகரித்தது. சலோனில் இடம் கிடைக்காவிட்டால் ஓர் இளம் ஓவியருக்கு எதிர்காலமே இல்லை எனப் பலரும் கருதிய காலம் அது. எனினும், சூரா மனம் தளரவில்லை. அவரைப் போலவே நிராகரிக்கப்பட்ட ஓவியர்கள் பலர் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு கண்காட்சியை நடத்தினர். அங்கும் சூராவின் ஓவியத்திற்குச் சிற்றுண்டிச் சாலையில்தான் இடம் கிடைத்தது.

அந்த ஓவியத்தைக் கூர்ந்து நோக்கிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பால் சின்யாக், வயது 20. படகோட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். எவரோடும் கலகலப்பாகப் பழகுபவர். சூராவின் குணத்திற்கும் அவர் குணத்திற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆயினும், இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். பழுப்பு போன்ற மங்கிய மண்நிறங்களைக் கைவிட்டு வானவில்லின் தூய நிறங்களைக் கையாளுமாறு சின்யாக் சூராவைத் தூண்டினார். அதே ஆண்டு, இருவரும் வேறு சில ஓவியர்களோடு சேர்ந்து சுயேச்சை ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அச்சங்கம் நடத்தும் கண்காட்சிகளில் நடுவர் இல்லை, பரிசும் இல்லை. எவரும் தம் படைப்பை மக்கள் முன் வைக்கலாம்.

தீவில் ஒரு ஞாயிறு

1884ஆம் ஆண்டு மே மாதம், சூரா தம் அடுத்த பெரிய ஓவியத்தைத் தொடங்கினார். செய்ன் ஆற்றின் நடுவிலுள்ள கிராண்ட் ஜாட் என்னும் தீவே அதன் களம். பல மாதங்கள் அவர் நாள்தோறும் அத்தீவுக்குச் சென்றார். மரங்கள், நிழல்கள், மக்கள் உட்காரும் விதம், படகுகளின் பாய்கள் என ஒவ்வொன்றையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வரைந்தார். சிறிய மரப்பலகைகளில் வண்ண மாதிரிகளைத் தீட்டினார். அந்த ஓர் ஓவியத்திற்காக அவர் செய்த முன்வரைவுகள் ஏறத்தாழ 60.

1885ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஓவியம் கண்காட்சிக்கு அணியமாகிவிட்டது. ஆனால், அந்தக் கண்காட்சி நடைபெறவில்லை. வேறொருவராக இருந்தால் சோர்ந்திருப்பார். அல்லது ஓவியத்தை அப்படியே சுருட்டி வைத்திருப்பார். சூராவோ கிடைத்த காலத்தை வாய்ப்பாக மாற்றிக்கொண்டார். அந்தக் கோடையில் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார். அங்கே கடலையும் வானையும் சிறு வண்ணப் புள்ளிகளால் தீட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும், முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அப்பெரிய ஓவியத்தின்மேல் மீண்டும் வேலையைத் தொடங்கினார்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சூரா புள்ளி மேல் புள்ளி வைத்தார். வெயில் படும் புல்லில் பச்சையோடு மஞ்சளையும் செம்மஞ்சளையும் தூவினார். நிழல் விழும் புல்லில் நீலத்தையும் ஊதாவையும் சேர்த்தார். நிழல் என்றால் கறுப்பு என்னும் பழைய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தொட்டு வைத்த ஒரு புள்ளியும் தற்செயலாக அமையக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த ஓவியம் மக்களின் பார்வைக்கு வந்தது.

அந்த 1886ஆம் ஆண்டுக் கண்காட்சி இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் எட்டாவது கண்காட்சி. அதுவே அவர்களின் இறுதிக் கண்காட்சியும் ஆகும். மூத்த ஓவியர் கமில் பிசாரோ சூராவையும் சின்யாக்கையும் அதில் சேர்க்க வேண்டுமென வாதாடினார். மோனேயும் ரெனுவாரும் அக்கண்காட்சியில் கலந்துகொள்ளவில்லை. ஐம்பது வயதைக் கடந்திருந்த பிசாரோ, தம் மகன் வயதுடைய சூராவிடமிருந்து புதிய முறையைக் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. அதனால் அவருடைய ஓவியங்கள் விற்பனையாவது கடினமானது. இருந்தும், சில ஆண்டுகள் அவர் அம்முறையிலேயே தீட்டினார்.

கேலி செய்தவர்களுக்கிடையே, பெலிக்ஸ் ஃபெனியோன் என்னும் இளம் விமர்சகர் இந்த ஓவியத்தின் அருமையை உணர்ந்து எழுதினார். நவ இம்ப்ரெஷனிசம் என்னும் பெயரை அவரே இப்புதிய நெறிக்குச் சூட்டினார். புள்ளி ஓவியம் என்னும் பொருள்தரும் பாயிண்டிலிசம் என்ற சொல்லோ, முதலில் ஏளனமாகவே வழங்கப்பட்டது. இன்று அந்த ஏளனச் சொல்லே கலை வரலாற்றில் மதிப்புமிக்க பெயராக நிலைத்துவிட்டது.

புகழும் அச்சமும்

அடுத்த சில ஆண்டுகளில் புள்ளி ஓவிய முறை வேகமாகப் பரவியது. 1887ஆம் ஆண்டு, சூராவின் பெரிய ஓவியம் பெல்ஜியம் நாட்டின் பிரஸல்ஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்நாட்டு ஓவியர்கள் சிலரும் அம்முறையைப் பின்பற்றத் தொடங்கினர். வின்சென்ட் வான் கோ பாரிஸில் வாழ்ந்த காலத்தில் புள்ளிகளாலும் சிறு கீற்றுகளாலும் தீட்டிப் பார்த்தார். 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரிஸை விட்டுச் செல்லும் நாளில், அவர் சூராவின் ஓவியக்கூடத்திற்கு நேரில் சென்று அவருடைய ஓவியங்களைக் கண்டார்.

தம் முறை பரவுவதைக் கண்டு சூரா மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் அவர் கலங்கினார். ஆண்டுக்கணக்கில் படித்தும் சோதித்தும் கண்டறிந்த வழி, எல்லாரும் எளிதாகப் பின்பற்றும் வழக்கமாகிவிட்டது. பலரும் அதனைக் கையாளக் கையாளத் தமது தனித்தன்மை மறைந்துவிடும் என அவர் அஞ்சினார். 1888ஆம் ஆண்டு, சூராவுக்குரிய பெருமையைப் பிறர் பறித்துக்கொள்வது போன்ற கருத்து ஒரு செய்தித்தாளில் வெளிவந்தது. அது சின்யாக்கின் மனத்தைப் புண்படுத்தியது. அவர் சூராவுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். அக்கட்டுரைக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று சூரா மறுமொழி எழுதினார். ஆனால், தம் அச்சத்தை அவர் மறைக்கவும் இல்லை. சின்யாக் நட்பைக் கைவிடவில்லை.

தாம் ஒரு மேதை என்று சூரா தம்மைப் பற்றிப் பறைசாற்றிக்கொள்ளவில்லை. 1889ஆம் ஆண்டு, அவருடைய பெரிய ஓவியம் ஒன்றுக்கு விலை கேட்கப்பட்டது. ஓராண்டு உழைப்பு, நாளொன்றுக்கு ஏழு பிராங்கு என்று ஒரு தொழிலாளியின் கூலியைக் கணக்கிடுவதைப் போலவே அவர் கணக்கிட்டார்.

முடிவுறாத ஓவியம்

சூரா குளிர்காலத்தில் பாரிஸில் பெரிய ஓவியங்களைத் தீட்டுவார். கோடையில் வடக்குக் கடற்கரைக்குச் சென்று துறைமுகங்களையும் கலங்கரை விளக்குகளையும் தீட்டுவார். பகல் வெளிச்சத்தோடு நில்லாமல், சர்க்கஸ் கூடாரத்தின் முன் எரியும் விளக்கொளியையும் புள்ளிகளில் கொண்டுவர முயன்றார். கோடுகளின் போக்கிற்கும் மனித உணர்வுக்கும் தொடர்பு உண்டு என அவர் கருதினார். மேல்நோக்கி எழும் கோடுகளும் வெப்பமான நிறங்களும் மகிழ்ச்சியையும், கீழ்நோக்கிச் சரியும் கோடுகளும் குளிர்ந்த நிறங்களும் சோகத்தையும் தரும் என்பது அவர் கண்ட முடிவு.

அந்த எண்ணத்தை வைத்து அவர் தீட்டிய ஓவியமே சர்க்கஸ். பாயும் வெள்ளைக் குதிரையின்மேல் ஒரு பெண் ஒற்றைக்காலில் நிற்கும் காட்சி அது. 1891ஆம் ஆண்டு மார்ச் மாதம், முற்றுப்பெறாத நிலையிலேயே அதனைச் சுயேச்சை ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் வைத்தார். அக்கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே அவர் திடீரென நோயுற்றார். சில நாள்களில், மார்ச் 29ஆம் நாள், உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. தமக்கு மனைவியாக வாழ்ந்த மட்லின் நொப்லோக்கையும், ஒரு வயதுக் கைக்குழந்தையையும் பற்றி அவர் தம் தாயிடம்கூட இறுதி நாள்கள்வரை சொல்லாதிருந்தார். இரண்டு வாரங்களில் அந்தக் குழந்தையும் இறந்தது.

நண்பர் காத்த பெயர்

சூரா எதற்காக அஞ்சினாரோ அது நடக்கவில்லை. அவருடைய பெயரை மறையவிடாமல் காத்தவர் சின்யாக்கே. சூரா விட்டுச் சென்ற ஓவியங்களைக் கணக்கெடுத்து முறைப்படுத்தும் பணியில் அவரும் ஃபெனியோனும் ஈடுபட்டனர். 1899ஆம் ஆண்டு, சின்யாக் இந்நெறியைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதில் இம்முறையை முதலில் கண்டவர் சூராவே என்பதைத் தெளிவாகப் பதிவு செய்தார். புள்ளி வைப்பது ஒரு வழி மட்டுமே. நிறங்களைத் தூய்மையாகப் பிரித்து ஒளியைக் கொண்டுவருவதே நோக்கம் என்றும் அந்நூலில் விளக்கினார். சின்யாக் 1935ஆம் ஆண்டுவரை வாழ்ந்து, சுயேச்சை ஓவியர் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். அவ்விளைஞர்களுள் ஹென்றி மத்தீஸும் ஒருவர்.

சூராவின் நம்பிக்கை முழுவதும் பலித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கிராண்ட் ஜாட் ஓவியத்தில் அவர் பயன்படுத்திய ஒரு புதுவகை மஞ்சள் சாயம் சில ஆண்டுகளிலேயே நிறம் மாறிப் பழுப்பேறத் தொடங்கியது. அதனால், புல்வெளியின் பொலிவு சற்றுக் குறைந்தது. இருப்பினும், அந்த ஓவியத்தின் புகழ் குன்றவில்லை. 1920களில் அமெரிக்காவுக்குச் சென்ற அது, இன்று சிக்காகோ கலைக்கழகத்தில் உள்ளது. 1958ஆம் ஆண்டு, நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்தபோது அங்கே தீ விபத்து நேர்ந்தது. நல்வாய்ப்பாக ஓவியம் தப்பியது. அதன்பின் அதனைச் சிக்காகோவுக்கு வெளியே அனுப்புவதே இல்லை.

இன்று நாளிதழில் அச்சாகும் வண்ணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், அருகருகே அமைந்த வண்ணப் புள்ளிகளைக் காணலாம். கைப்பேசித் திரையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறப் புள்ளிகளாலேயே எல்லா நிறங்களையும் காட்டுகிறது. இக்கருவிகளைச் சூரா கண்டுபிடிக்கவில்லை. ஆயினும், சிறு புள்ளிகளைக் கண்ணே ஒன்றுசேர்த்து முழுக் காட்சியாக்கிக்கொள்ளும் என்னும் உண்மையைத் தூரிகையால் காட்டியவர் அவர்.

சூராவின் ஓவிய வாழ்க்கை ஏறத்தாழ பத்து ஆண்டுகளே. கதவுகள் மூடப்பட்டபோதும், கண்காட்சி நின்றுபோனபோதும், மக்கள் நகைத்தபோதும் அவர் அடுத்த புள்ளியை வைக்கத் தவறவில்லை. ஒற்றைப் புள்ளியால் ஓர் ஓவியம் ஆவதில்லை; ஒற்றைப் புள்ளியை அலட்சியப்படுத்தினாலும் ஓவியம் ஆவதில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழிக்கு அவருடைய ஒவ்வோர் ஓவியமும் கண்கண்ட சான்றாகத் திகழ்கிறது.